வீட்டுக்கு நம் மனநிலை தெரியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் வீடுகளுக்கு மின்கம்பி இழுப்பதும், விளக்கு, மின்விசிறி, குளிரூட்டி ஆகியவற்றைக் கைப்பேசியோடு இணைத்துத் தருவதும் என் தொழில். கெலுகோர், ஆயர் ஈத்தாம், பட்டர்வொர்த் என்று எங்கே வேலைக்குப் போனாலும், அண்மைக் காலமாக ஒரே வகையான ஐயங்களையே கேட்கிறேன். குடியிருப்போரின் உணர்ச்சியை அறிந்து நடந்துகொள்ளும் வீடு என்று விற்கிறார்களே, அது உண்மையா, வைக்கலாமா, வைத்தால் வம்பா என்பதே அவற்றின் சாரம். கேள்விகளைக் கேட்டவர்களின் வாக்கிலேயே வைத்திருக்கிறேன். முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை என்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

வீட்டுக்கு நம்ம மனசு தெரியும்னா என்ன அர்த்தம்? இது என்ன, ஜோசியமா?

ஜோசியம் அன்று, ஊகம். உணர்ச்சி மாறும்போது இதயத்துடிப்பு, மூச்சு, வியர்வை, குரல், முகத்தசை, நடை ஆகியவையும் ஓரளவு மாறுகின்றன. அந்த மாற்றங்களைக் கருவிகள் அளக்கின்றன; அளவுகளைக் கொண்டு, இன்னாருடைய மனநிலை இப்படி இருக்கலாம் என்று கணினி ஊகிக்கிறது. இத்துறைக்கு வித்திட்டவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோசலிண்ட் பிக்கார்டு. 1995இல் அவர் எழுதிய கட்டுரையும் 1997இல் வெளியிட்ட நூலும்தான் துறைக்கு 'அஃபெக்டிவ் கம்ப்யூட்டிங்' (உணர்ச்சிசார் கணிமை) என்ற பெயரையே கொடுத்தன.

ஆகவே வீடு அளப்பது உடலை. சொல்வது மனத்தைப் பற்றி. இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளில் பாதி, இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் பிறந்தவை.

எதையெல்லாம் வச்சு அளக்குது?

நான்கு வழிகள் உள்ளன. கேமரா முகத்தைப் பார்க்கிறது. ஒலிவாங்கி குரலின் ஏற்ற இறக்கத்தையும் வேகத்தையும் உரப்பையும் கேட்கிறது. கைப்பட்டையோ ஸ்மார்ட் கடிகாரமோ தோலுக்குள் பச்சை ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியின் ஏற்றத்தாழ்விலிருந்து நாடித்துடிப்பைக் கணக்கிடுகிறது. சில பட்டைகள் வியர்வையால் தோலின் மின்கடத்தும் தன்மை மாறுவதையும் அளக்கின்றன. நான்காவது, வானலையை அனுப்பி, அது திரும்பி வருவதைக் கொண்டு உடலைத் தொடாமலே அளக்கும் ரேடார். அதற்குத் தனியாக ஒரு பதில் வைத்திருக்கிறேன்.

இவை தவிர, யாரும் உணர்ச்சிக் கருவி என்று எண்ணாத சில பொருள்களும் வீட்டில் உள்ளன: இரவில் எத்தனை முறை கழிவறை விளக்கு எரிந்தது, சமையலறைக் கதவு எப்போது திறந்தது, தொலைக்காட்சி எவ்வளவு நேரம் ஓடியது என்ற பதிவுகள். நீண்ட கால மாற்றங்களைக் காட்டுவதில், விலையுயர்ந்த கேமராவைவிட இவை பயனுள்ளவை என்பது என் அனுபவம்.

சந்தோஷம், கோபம், பயம்னு பேர் சொல்லி கண்டுபிடிச்சிடுமா?

பெயர் சொல்லும், அந்தப் பெயரை நம்பக் கூடாது. முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் பெரும்பாலான மென்பொருள்கள், உளவியலாளர் பால் எக்மன் வகுத்த ஆறு அடிப்படை உணர்ச்சிகளை ஒட்டி அமைந்தவை: மகிழ்ச்சி, துயரம், சினம், அச்சம், அருவருப்பு, வியப்பு. ஒவ்வொன்றுக்கும் உலகெங்கும் ஒரே முகக்குறி உண்டு என்பது அவருடைய கொள்கை. 2019இல் லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் வேறு நான்கு அறிஞர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, முகக்குறியை மட்டும் வைத்து உணர்ச்சியை நம்பகமாகச் சொல்ல இயலாது என்று எழுதினார்கள். சினம் கொண்டவர் எப்போதும் முகம் சுளிப்பதில்லை. முகம் சுளிப்பவர் எல்லாரும் சினம் கொண்டவரும் அல்லர்.

உடலை அளக்கும் கருவிகள் வேறு கணக்கில் போகின்றன. 1980இல் ஜேம்ஸ் ரஸ்ஸல் முன்வைத்த முறைப்படி, உணர்ச்சியை இரண்டு அளவுகோல்களில் குறிக்கலாம்: ஒன்று இனிமையா துன்பமா என்பது, மற்றது கிளர்ச்சியா அமைதியா என்பது. நாடியும் வியர்வையும் இரண்டாவதை ஓரளவு நன்றாகவே காட்டும். முதலாவதை மிக மோசமாகவே காட்டும். மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைக் கேட்டவரின் நாடியும், வாகனத்தை யாரோ இடித்துவிட்டுப் போன செய்தியைக் கேட்டவரின் நாடியும் கருவிக்கு ஏறத்தாழ ஒன்றுதான்.

நம் தொல்காப்பியம் இதை வேறு கோணத்தில் அணுகியிருக்கிறது. மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டை எண்ணுகிறது. எக்மனின் ஆறும் பெரும்பாலும் இவற்றுள் அடங்கிவிடும். ஆனால் தொல்காப்பியம் எட்டோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்று நந்நான்கு காரணங்களையும் சேர்த்தே சொல்கிறது. அழுகை என்றால் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்ற நான்கால் வரும்: அதாவது பிறர் இழிவுபடுத்தியதால், இழந்ததால், இருந்த நிலையிலிருந்து தாழ்ந்ததால், இல்லாமையால். கருவிக்குக் கண்ணீர் தெரியலாம். நான்கில் எது என்பது தெரியாது. அது தெரியாமல் ஆறுதல் சொல்ல வருபவரை நாம் வீட்டுக்குள் விடுவோமா என்று எண்ணிப் பாருங்கள்.

கேமரா வேணாம். ரேடார் வச்சா மட்டும் போதும்னு சொல்றாங்களே, சரியா?

வீட்டுக்குள் கேமராவைவிட ரேடார் மேல் என்பதே என் கருத்தும். 60 கிகாஹெர்ட்ஸ் ரேடாரின் அலைநீளம் 5 மில்லிமீட்டர். மூச்சுவிடும்போது மார்பு சில மில்லிமீட்டர் எழுந்து அடங்குகிறது. இதயத்துடிப்பினால் அதே மார்பு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைகிறது. திரும்பி வரும் அலை எவ்வளவு முன்பின்னாக நகர்ந்திருக்கிறது என்பதை (கட்ட மாற்றத்தை) கூர்ந்து அளந்தால் இரண்டையும் பிரித்தெடுக்கலாம். 2016இல் எம்.ஐ.டி.யில் டினா கட்டாபியின் குழு இப்படி வானலை மூலமே நான்கு உணர்ச்சிகளைப் பிரித்துக் காட்டியது. அந்தந்த மனிதரைக் கொண்டே பழக்கியபோது 87 விழுக்காடு சரியாக இருந்தது. முன்பின் அறியாதவர்மீது பயன்படுத்தியபோது அது 72 விழுக்காடாகக் குறைந்தது. அதுவும் ஆய்வுக்கூடத்தில், அமைதியாக உட்கார்ந்திருந்தவர்களிடம் பெற்ற அளவு.

நம் வீடுகளில் நிலைமை வேறு. கூரையில் சுழலும் மின்விசிறி ரேடாருக்குப் பெரும் தொல்லை. காற்றில் ஆடும் திரைச்சீலையும் அப்படித்தான். விசிறி இல்லாத பினாங்கு வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. எனவே கருவியை விசிறிக்கு நேராக வைக்காமல், கட்டிலையோ சாய்வு நாற்காலியையோ நோக்கிப் பக்கச் சுவரில் வைக்க வேண்டும். இன்னொன்று: மெல்லிய பலகைத் தடுப்பை ரேடார் ஊடுருவும். அறையைத் தடுத்து வாடகைக்கு விட்டிருப்பவர்கள் இதைக் கவனிக்காவிட்டால், அடுத்த அறையில் இருப்பவரின் மூச்சையும் சேர்த்து அளந்துகொண்டிருப்பார்கள்.

நம்ம கறுப்புத் தோலுக்கு இந்தக் கேமராவெல்லாம் ஒழுங்கா வேலை செய்யுமா?

ஐயப்படக் காரணம் உண்டு. 2018இல் ஜாய் புவொலம்வினி, டிம்னிட் கெப்ரு ஆகிய இருவரும், முகத்தைக் கொண்டு ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் பிழை 1 விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்க, கருநிறப் பெண்களிடம் அது ஏறத்தாழ 35 விழுக்காடு வரை போனது. அது பாலினம் பற்றிய சோதனை, உணர்ச்சி பற்றியதன்று. ஆயினும், எளிய கேள்வியிலேயே இவ்வளவு தடுமாறுவது கடினமான கேள்வியில் நமக்கு நியாயம் செய்யும் என்று நம்ப என்ன ஆதாரம் இருக்கிறது? அதன்பின் பல நிறுவனங்கள் திருத்தம் செய்துள்ளன என்பதையும் சொல்ல வேண்டும்.

எங்க வீட்ல சாதாரணமா பேசினாலே சத்தமாத்தான் இருக்கும். சண்டைன்னு நெனச்சுக்குமா?

நினைத்துக்கொள்ளும், என் வீட்டிலேயே நடந்தது. பூப்பந்து இறுதியாட்டத்தை நாங்கள் எல்லாரும் கூச்சலிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சோதனைக்காக மாட்டியிருந்த கருவி வீட்டில் கடும் சச்சரவு என்று முடிவுசெய்து, கூடத்து விளக்கை மங்கலாக்கிப் புல்லாங்குழல் இசையை ஒலிக்கவிட்டது. என் தம்பி உண்மையிலேயே சினம் கொண்டது அதற்குப் பிறகுதான்.

காரணம் எளியது. குரலிலிருந்து உணர்ச்சியை அறியும் மென்பொருள்களைப் பழக்கப் பரவலாகப் பயன்படும் பதிவுகளுள் பல, நடிகர்கள் நடித்துக் கொடுத்தவை. ஒரு புகழ்பெற்ற தொகுப்பில் வட அமெரிக்க ஆங்கிலம் பேசும் 24 நடிகர்கள். மற்றொன்றில் ஜெர்மன் பேசும் 10 நடிகர்கள். தமிழில் தொடங்கி, மலாயில் திரும்பி, நடுவே ஹொக்கியன் சீனச் சொல் ஒன்றையும் போட்டு முடிக்கும் பினாங்கு வீட்டுப் பேச்சு அவற்றில் இல்லை. மூன்று அறை தள்ளி இருப்பவரைச் சோறு தின்ன அழைக்கும் குரலும் இல்லை. குரல் வழிக் கணிப்பை அணைத்து வைக்கும் வசதி இல்லாத கருவியை நான் பரிந்துரைப்பதில்லை.

என் கைப்பட்டை நாள் முழுக்க "மன அழுத்தம்"னு காட்டுது. எனக்கு ஏதும் கோளாறா?

பெரும்பாலும் வெயில்தான் கோளாறு. உள்ளங்கையில் மனக்கிளர்ச்சியால் வியர்வை சுரக்கும். மணிக்கட்டில் வெப்பத்தாலும் தாராளமாகச் சுரக்கும். பகலில் 32 டிகிரியும் பிசுபிசுப்பும் உள்ள ஊரில், சந்தைக்கு நடந்து போய் வந்தாலே பட்டைக்கு நீங்கள் பதற்றத்தில் இருப்பவராகத் தெரிவீர்கள். இரண்டு குவளைக் காப்பி, மின்தூக்கி இல்லாத அடுக்குமாடியில் நான்கு மாடி ஏறுவது, தூக்கம் குறைந்த இரவு ஆகியவையும் இதையே செய்யும். காலையில் எழுந்தவுடன் படுக்கையிலிருந்தபடி எடுக்கும் அளவை மட்டும் சில வாரங்கள் ஒப்பிட்டுப் பாருங்கள். நெஞ்சு படபடப்பு உங்களுக்கே தெரிகிறதென்றால் பட்டையைப் பார்க்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

சரி, தெரிஞ்சுக்கிட்டு வீடு என்னதான் செய்யப் போகுது?

செய்யத் தகுந்தவை சிறியவை. மாலையில் 6500 கெல்வின் வெள்ளை விளக்கை 2700 கெல்வின் மஞ்சளுக்கு இறக்குவது, தூக்கத்தில் புரள்வது அதிகமானால் குளிரூட்டியை ஒரு டிகிரி மாற்றுவது, களைத்து வந்து சாய்ந்தவருக்கு அரை மணி நேரம் கைப்பேசி அறிவிப்புகளை அடக்கி வைப்பது ஆகியவை. இவற்றில் எது தவறிப் போனாலும் ஒரு சுவிட்சைத் தட்டினால் பழைய நிலை திரும்பிவிடும். அப்படித் திரும்ப முடியாத எதையும் ஊகத்தின் பொறுப்பில் விடக் கூடாது. கதவைப் பூட்டுவது, உறவினருக்குச் செய்தி அனுப்புவது, பொருள் வாங்குவது ஆகியவற்றை நான் ஒருபோதும் இதனோடு இணைப்பதில்லை, கேட்டாலும் மறுத்துவிடுகிறேன்.

இங்கே ஒரு பழைய முன்மாதிரி நினைவுக்கு வருகிறது. 1990களில் அமெரிக்காவின் கொலராடோவில் மைக்கேல் மோசர் என்ற ஆய்வாளர், தாம் குடியிருந்த வீட்டையே தானாகக் கற்றுக்கொள்ளும் வீடாக மாற்றினார். அவர் முகத்தையும் பார்க்கவில்லை, நாடியையும் அளக்கவில்லை. வீடு செய்ததை மனிதர் கையால் மாற்றினால் அது அதிருப்தி. அந்த அதிருப்தியையும் மின்செலவையும் சேர்த்துக் குறைப்பதே வீட்டின் வேலை. முப்பது ஆண்டுகள் ஆன பிறகும், சுவரில் உள்ள சுவிட்சைவிட நேர்மையான உணர்ச்சிக் கருவியை நான் கண்டதில்லை.

எத்தனை நாள்ல நம்மளப் பழகிக்கும்?

குறைந்தது மூன்று நான்கு வாரங்கள் விடுங்கள். தீபாவளி, தைப்பூசம், பள்ளி விடுமுறை ஆகியவை நடுவில் வராத வாரங்களாக இருந்தால் நல்லது. ரேடார் பற்றிய பதிலில் கண்ட 87, 72 என்ற இரு எண்களின் வேறுபாடு இந்தப் பழக்கத்தால் வருவதே.

அம்மா பட்டர்வொர்த்ல தனியா இருக்காங்க, நான் கோலாலம்பூர்ல இருக்கேன். அவங்க மனசு சரியில்லைன்னா எனக்குத் தெரியற மாதிரி வைக்க முடியுமா?

என்னிடம் மிகுதியாக வரும் கேள்வி இதுவே. அதிகக் கவனத்தோடு பதில் சொல்வதும் இதற்கே. "இன்று அம்மா சோகமாக இருக்கிறார்" என்று உங்கள் கைப்பேசிக்கு வரும் செய்தியால் நன்மை இல்லை. அது பாதி நாள் தவறாக இருக்கும். சரியாக இருக்கும் நாளிலும் காரணம் தெரியாது. நான் வைத்துத் தருவது வேறு. படுக்கையருகே ஒரு ரேடார், சமையலறையிலும் கழிவறை வழியிலும் அசைவு உணரிகள், அவ்வளவே. தூக்க நேரம், இரவில் எழுந்த எண்ணிக்கை, அடுப்படிப் பக்கம் போன நேரம் ஆகியவை அம்மாவின் சொந்த வழக்கத்திலிருந்து தொடர்ந்து பல நாள்கள் விலகினால் மட்டும் தெரிவிக்கச் சொல்லலாம். வழக்கமாக ஐந்து மணிக்கு எழுந்து விளக்கேற்றுபவர் இரண்டு வாரமாக எட்டு மணிவரை எழவில்லை என்றால், அதற்கு மூட்டு வலியும் காரணமாகலாம், மனச்சோர்வும் காரணமாகலாம், புதிய மாத்திரையும் காரணமாகலாம். எது என்று தொலைபேசியில் பேசித்தான் அறிய முடியும்.

அந்தச் செய்தி முதலில் அம்மாவுக்குப் போக வேண்டும், பிறகே உங்களுக்கு. ஒரு வீட்டில் மகன் நாள்தோறும் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "நேத்து ஏம்மா மூணு தடவை எழுந்த?" என்று கேட்கத் தொடங்கினார். அந்த அம்மா பிறகு இரவில் எழுவதற்கே தயங்கி, தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். கருவியைக் கழற்றச் சொல்லி அவரே எனக்கு அழைத்தார், நானும் கழற்றிவிட்டேன்.

மனச்சோர்வுதான் என்று தோன்றினால், சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசியான தாலியான் ஹீல், எண் 15555, இருக்கிறது. கருவியின் எச்சரிக்கைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

மாமியாருக்கும் வீட்டு வேலைக்காரப் பொண்ணுக்கும் சொல்லாம வைக்கலாமா? சொன்னா ஒத்துக்க மாட்டாங்க.

ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று தெரிந்தே கேட்கிறீர்கள்; ஆகவே வைக்கக் கூடாது. பணிப்பெண்ணின் நிலை இன்னும் கூர்மையானது, ஏனென்றால் அவருக்கு உங்கள் வீடு வேலையிடம். ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி 2 முதல் வேலையிடங்களிலும் கல்வி நிலையங்களிலும் உணர்ச்சியை ஊகிக்கும் செயற்கை நுண்ணறிவைத் தடைசெய்துள்ளது. மருத்துவமும் பாதுகாப்பும் மட்டுமே விலக்கு. அந்தச் சட்டம் மலேசியாவுக்குப் பொருந்தாது. ஆனாலும், சம்பளம் கொடுப்பவர் சம்பளம் வாங்குபவரின் முகத்தை அளப்பதில் உள்ள கோணல் கடல் கடந்தால் நேராகிவிடாது.

பிள்ளைங்க படிக்கிற அறையில வச்சா கவனமா படிக்கிறாங்களான்னு தெரியுமே?

தெரியாது. நாற்காலியில் அசையாமல் இருப்பதும் கவனமும் ஒன்றல்ல. முந்தைய பதிலில் சொன்ன தடையில் பள்ளிகளையும் ஏன் சேர்த்தார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

இந்தப் பதிவெல்லாம் எங்க போகுது? நம்ம நாட்டுச் சட்டம் என்ன சொல்லுது?

கருவியைப் பொறுத்தது. சில கருவிகள் கணக்கை வீட்டுக்குள்ளேயே முடித்து முடிவை மட்டும் வைத்திருக்கின்றன. சில, குரலையும் படத்தையும் வெளிநாட்டில் உள்ள கணினிக்கு அனுப்புகின்றன. சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு: ரூட்டரில் இணைய இணைப்பை ஒரு மணி நேரம் துண்டித்துப் பாருங்கள். கருவி தொடர்ந்து விளக்கை இயக்கினால் கணக்கு உங்கள் வீட்டில் நடக்கிறது. முடங்கினால் வெளியே நடக்கிறது. பதிவு பிறகு வெளியே போகாது என்பதற்கு இச்சோதனை உறுதியன்று. அதற்கு ரூட்டரிலேயே அக்கருவியின் இணையத் தொடர்பை நிரந்தரமாகத் தடுக்க வேண்டும்.

மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. 2024ஆம் ஆண்டுத் திருத்தம், உடலளவுத் தரவை (பயோமெட்ரிக்), கூடுதல் பாதுகாப்போடு கையாள வேண்டிய தரவுகளோடு சேர்த்தது. ஆகவே அதைக் கையாளும் நிறுவனம் வெளிப்படையான ஒப்புதல் பெற வேண்டும். 2025 ஜூன் முதல், தரவு கசிந்தால் நிறுவனம் அதைத் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவிக்கவும் வேண்டும். ஆனால் இந்தச் சட்டம் வணிகம் சார்ந்த கையாளலுக்கே உரியது. ஒருவர் தம் குடும்பத் தேவைக்காக மட்டும் கையாளும் தரவுக்கு அதில் விலக்கு உண்டு. சுருக்கமாகச் சொன்னால், கருவி விற்றவரிடமிருந்து சட்டம் உங்களைக் காக்கும். உங்களிடமிருந்து உங்கள் மாமியாரைக் காக்காது. அதனால்தான் முன்பு அவ்வளவு அழுத்திச் சொன்னேன்.

வீட்டுக்காரர் கத்தலைன்னு சாதிக்கிறாரு. கருவியோட பதிவை எடுத்துக் காட்டலாமா?

காட்டினால் அவர் பூப்பந்துக் கதையைச் சொல்லித் தப்பித்துக்கொள்வார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கும். கருவி அளந்தது உரப்பை மட்டுமே. நான் சில வீடுகளில் பழைய பதிவுகள் ஏழு நாளில் தாமாக அழியும்படி அமைத்துக் கொடுத்திருக்கிறேன். வாக்குவாதத்துக்குக் கருவியை அழைக்கும் பழக்கம் அவ்வீடுகளில் வளரவில்லை. வீட்டில் உண்மையிலேயே அச்சுறுத்தல் இருந்தால் அது வேறு விஷயம். அப்போது பதிவைப் பற்றி யோசிக்காமல் அவசர எண் 999ஐயோ, தாலியான் காசே உதவி எண் 15999ஐயோ அழையுங்கள்.

பெரிய நிறுவனங்களே இதைக் கைவிட்டுட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். பிறகு நாம ஏன் வாங்கணும்?

ஓரளவு உண்மை. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2022 ஜூனில், தன் முகமறி சேவையிலிருந்து உணர்ச்சியை ஊகிக்கும் பகுதியை விலக்கப்போவதாக அறிவித்தது. அமேசானின் ஹேலோ கைப்பட்டை, பேசுபவரின் குரல் தொனியைக் கணிக்கும் வசதியோடு 2020இல் வந்து 2023இல் நிறுத்தப்பட்டது. பின்வாங்கல் பெரிதும் முகத்திலும் குரலிலும்தான். தூக்கம், மூச்சு, அசைவு ஆகியவற்றை அளக்கும் கருவிகள் பெருகியே வருகின்றன. அவற்றை வாங்கலாம், பெட்டியின்மேல் "உணர்ச்சி" என்று எழுதியிருப்பதற்காக மட்டும் கூடுதல் ரிங்கிட் கொடுக்காதீர்கள்.

சிரிச்ச முகமாவே இருந்து ஏமாத்திடலாமா?

கேமராவை ஏமாற்றலாம். விருந்தாளி முன்னால் நாம் எல்லாரும் செய்வதுதானே.

எங்க வீட்ல அப்பா தவறிட்டாரு. அந்தப் பதினாறு நாளும் கருவி என்னென்னமோ செஞ்சுது. என்ன பண்ணியிருக்கணும்?

அணைத்திருக்க வேண்டும். உங்களிடம் அதை முன்பே சொல்லாதது வைத்துக் கொடுத்தவரின் பிழை. நானும் முதலில் சில வீடுகளில் சொல்லத் தவறியிருக்கிறேன். துக்க வீட்டில் விளக்கு இரவெல்லாம் எரிகிறது, கதவு மூடப்படுவதில்லை, ஐந்து பேர் இருக்கும் இடத்தில் ஐம்பது பேர் வந்து போகிறார்கள், யாரும் உரிய நேரத்தில் தூங்குவதில்லை. கருவி இதையெல்லாம் கோளாறு என்று எண்ணிச் சரிசெய்ய முயலும், அல்லது இதுதான் வழக்கம் என்று கற்றுக்கொள்ளும். இரண்டும் வேண்டாதவை.

இப்போது செய்ய வேண்டியது: அமைப்பில் அந்தப் பதினாறு நாள் பதிவை மட்டும் தேர்ந்து அழியுங்கள். பிறகு அப்பாவின் பெயரில் உள்ள வழக்கப் பதிவைத் தனியே எடுத்து நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் அவர் எழும் நேரத்துக்கு அவர் அறை விளக்கு ஒவ்வொரு விடியலிலும் எரியும். ஒரு வீட்டில் அந்த அம்மா அதை அப்படியே இருக்கட்டும் என்றார். நானும் மாற்றாமல் வந்துவிட்டேன்.